சுவர் பேசியதும் சேரி சிரித்ததும்

ஒரு சமுதாயத்தின் வரலாற்றைக் கல்வெட்டிலும் செப்பேட்டிலும் தேடுவது அறிஞர் மரபு. நம்மைப் பற்றிக் கல்வெட்டுகள் பேசியது குறைவு. பேசிய இடத்தும் நம்மைக் கேட்டுப் பேசவில்லை. ஆதலின் நம் வரலாற்றை வேறு இடங்களில் தேட வேண்டியவர்களாக நாம் இருக்கிறோம். அத்தகைய இடங்களுள் ஒன்று சுவர். விடுதலைக்குப் பிந்திய பல பத்தாண்டுகளில் அரசு ஏழை மக்களோடு பேசியது பெரும்பாலும் சுவர் வழியாகவே. எத்தனை குழந்தை பெறவேண்டும், எப்படிப் பயிரிடவேண்டும், எந்த நோய்க்கு ஊசி போடவேண்டும், எப்படி நடந்துகொள்ளவேண்டும் என்றெல்லாம் சுவரொட்டிகள் நமக்கு எடுத்துரைத்தன. அவற்றிற்கு நம் மக்கள் அளித்த மறுமொழி எந்த அரசாணையிலும் பதிவாகவில்லை. ஏனெனில் அம்மறுமொழி சிரிப்பாக இருந்தது.

அந்தச் சிரிப்பைப் படித்தவர்கள் அறியாமை என்று எழுதினார்கள். அது அறியாமை அன்று, ஒருவகை அறிவே என்பதை இவ்வெள்ளி விழா மலரில் நம் இளைஞர்களுக்கு எடுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உபதேசம் வந்த வழி

பூலாம்பாடி இன்று பெரம்பலூர் மாவட்டம் வேப்பந்தட்டை வட்டத்தைச் சேர்ந்த பேரூர். பெரம்பலூர் தனி மாவட்டமானது 1995-ஆம் ஆண்டில்தான். நாம் பேசப்போகும் காலத்தில் இப்பகுதி திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் வடகோடியில் இருந்த ஒரு வறண்ட மூலை. மழையை நம்பிய மானாவாரி நிலம். அந்நிலத்திலும் நம் மக்களுள் பெரும்பாலோர்க்கு உரிமை இல்லை, உழைப்பு மட்டுமே இருந்தது. இத்தகைய ஊர்களுக்குத் தில்லியின் குரல் எவ்வாறு வந்து சேர்ந்தது?

1952-இல் இந்திய அரசு குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. உலகில் இதனை அரசின் திட்டமாக முதன்முதலில் மேற்கொண்ட நாடு இந்தியாவே. 1953-இல் மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டமும், 1962-இல் பெரியம்மை ஒழிப்புத் திட்டமும் வந்தன. இவற்றையெல்லாம் மக்களிடம் எடுத்துச் செல்லச் சுவரொட்டிகளும் படங்களும் தேவைப்பட்டன. மத்திய அரசின் விளம்பரப் பிரிவு 1955-இல் தனி இயக்ககமாக அமைக்கப்பெற்று, பல மொழிகளில் அவற்றை ஆயிரக்கணக்கில் அச்சிட்டது. ஆரம்ப சுகாதார நிலையம், பஞ்சாயத்து அலுவலகம், பேருந்து நிலையம், நியாயவிலைக் கடை, டூரிங் கொட்டகை என்று மக்கள் கூடும் இடமெல்லாம் அவை ஒட்டப்பட்டன.

ஆனால் படிப்பவர் எத்தனை பேர்? 1961-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி, நாடு முழுவதிலும் தாழ்த்தப்பட்ட மக்களுள் எழுத்தறிந்தோர் 10.27 விழுக்காடு. பத்தாண்டுகள் கழித்து 1971-இல் அது 14.67 விழுக்காடாயிற்று. நூற்றுக்கு எண்பத்தைந்து பேர் எழுத்தைப் பார்க்கவில்லை, படத்தைத்தான் பார்த்தார்கள். எழுத்து ஒன்றைச் சொல்லும். படம் பார்ப்பவனின் வாழ்க்கைக்கு ஏற்பப் பலவற்றைச் சொல்லும். சிரிப்பு பிறந்த இடம் அதுதான்.

முக்கோணமும் நான்கு முகங்களும்

குடும்பக் கட்டுப்பாட்டிற்கு ஒரு சின்னம் வேண்டும் என்று 1960-களில் சிந்தித்தவர் தீப் தியாகி என்னும் அதிகாரி. அவர் கண்டதே தலைகீழான சிவப்பு முக்கோணம். மொழி அறியாதவரும் அறியக்கூடியது, எந்தச் சுவர் ஓவியரும் எளிதில் வரையக்கூடியது என்பது அதன் சிறப்பு. அதனோடு தந்தை, தாய், மகன், மகள் ஆகிய நால்வரின் சிரித்த முகங்களும், இரண்டு அல்லது மூன்று குழந்தைகள் போதும் என்ற வாசகமும் சேர்ந்தன. தியாகி 1969-இல் மறைந்தார். அவருடைய முக்கோணமோ ஊர்தோறும் நிலைத்தது. மருத்துவமனைச் சுவரில் மட்டுமா? அஞ்சல் தலையிலும் அது ஏறியது.

அந்த அஞ்சல் தலைக்கு ஒரு வேடிக்கையான வரலாறு உண்டு. 1971-இல் கிழக்கு வங்காளத்திலிருந்து ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள் இந்தியாவிற்குள் வந்தபோது, அவர்களைக் காப்பதற்காகக் கடிதங்கள் மீது 5 காசு கூடுதல் வரி விதிக்கப்பட்டது. அதற்குப் புதுத் தலை அச்சாகும் வரை காத்திராமல், கையில் இருந்த 5 காசுக் குடும்பக் கட்டுப்பாட்டுத் தலையின் மீதே ‘அகதிகள் உதவி’ என்று இந்தியிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்து விட்டார்கள். குடும்பத்தைச் சிறிதாக்கு என்று சொன்ன தலை, ஒரே அச்சில், ஒரு கோடிப் பேரைக் குடும்பத்தில் சேர்த்துக்கொள் என்று சொல்லத் தொடங்கியது. இரண்டும் நியாயமான வேண்டுகோளே. எனினும் அத்தலையைக் கூர்ந்து பார்த்தவர் சிரிக்காமல் இருந்திருக்க முடியாது.

‘ஐயோ பாவம்’ என்ற மறுமொழி

அக்காலச் சுவரொட்டிகளுள் மிகப் பரவலானது இரண்டு படங்களை அருகருகே காட்டுவது. ஒரு பக்கம் சிறு குடும்பம்: காரை வீடு, வெளுத்த உடை, மேசை மீது வானொலி, இரண்டு பிள்ளைகள். மறு பக்கம் பெருங்குடும்பம்: சரிந்த கூரை, கிழிந்த துணி, சுற்றிலும் ஆறேழு பிள்ளைகள். பார்ப்பவர் முதற்படத்தை விரும்புவார், இரண்டாவதைக் கண்டு அஞ்சுவார் என்பது வரைந்தவரின் எண்ணம்.

நடந்தது வேறு. சிறு குடும்பத்தின் படத்தைக் கண்ட சிற்றூர்ப் பெண்கள், ‘ஐயோ பாவம், இரண்டே பிள்ளைகளா!’ என்று இரங்கினார்கள் என்பது நாட்டின் பல பகுதிகளிலும் சுகாதார ஊழியர் சொல்லிவந்த கதை. இதைச் சொல்லிப் படித்தவர் சிரிப்பதுண்டு. ஆனால் யார் யாரைப் பார்த்துச் சிரிப்பது? 1971-இல் இந்தியாவில் பிறந்த ஒவ்வோர் ஆயிரம் குழந்தைகளுள் 129 குழந்தைகள் முதலாண்டு நிறையும் முன்னரே இறந்தன. இது நாட்டின் சராசரி. மருத்துவர் முகம் காணாத சேரிகளின் துயரத்தை இச்சராசரி முழுவதும் காட்டாது. இரண்டு பெற்றால் இரண்டும் தங்கும் என்ற உறுதி இருந்தவர்க்கு அப்படம் இன்பமானது. அவ்வுறுதி இல்லாத தாய்க்கு அது ஒரு துன்பப் படமாகவே தோன்றியது. அவள் தன் கணக்கைத் தெரிந்து வைத்திருந்தாள். படம் வரைந்தவர்க்குத்தான் அக்கணக்குத் தெரியவில்லை.

இன்னொன்றையும் நம் மக்கள் கண்டார்கள். முதற்படத்துத் தந்தை கால்சட்டை அணிந்திருந்தார். இரண்டாம் படத்துத் தந்தை அரைத்துணியோடு நின்றார். ஒருவருக்கு மாதச் சம்பளம், மற்றவருக்கு அன்றாடக் கூலி. இரு வீடுகளுக்கும் இடையே இருந்த வேறுபாடு பிள்ளைகளின் எண்ணிக்கை மட்டுமா? பிள்ளை குறைந்தால் கூரை வீடு தானே காரை வீடாகும் என்றால், பிள்ளையே இல்லாத கூலிக்காரர் மாளிகையில் அல்லவா வாழவேண்டும்?

இவ்வினாவை ஆராய்ச்சி வழியில் எழுப்பியவர் மக்மூத் மம்தானி என்னும் அறிஞர். பஞ்சாபின் லூதியானா மாவட்டத்துச் சிற்றூர்களில் 1950-களில் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தார் ஒரு பெரிய குடும்பக் கட்டுப்பாட்டு ஆய்வை நடத்தினர். கருத்தடை மாத்திரைகளை வீடு வீடாகக் கொடுத்தனர். மக்களும் மறுக்காமல் வாங்கிக்கொண்டனர். ஆனால் பிறப்பு எதிர்பார்த்தபடி குறையவில்லை. பின்னர் மானுப்பூர் என்ற சிற்றூருக்குச் சென்று உண்மையை விசாரித்த மம்தானி, 1972-இல் வெளியிட்ட நூலில் அதன் காரணத்தை விளக்கினார். வீடு தேடி வந்த நல்லவர்களின் மனம் நோகக்கூடாதென்று மக்கள் மாத்திரையை வாங்கினார்கள், பயன்படுத்தவில்லை. ஒருவர் அந்த மாத்திரைப் பெட்டிகளை அடுக்கி ஒட்டி அழகிய சிற்பமே செய்து வைத்திருந்தார்! தண்ணீர் சுமக்கும் தொழிலாளர் ஒருவரோ, குறைவாகப் பெறச் சொன்னீர்கள், இன்று என் பிள்ளைகளின் உழைப்பால் நான் ஓய்ந்திருக்கிறேன் என்னும் பொருள்படப் பேசினார். நிலமும் இயந்திரமும் இல்லாதவர்க்குப் பிள்ளைகளின் கைகளே சொத்து என்பது மம்தானி கண்ட முடிபு. நம் ஊரார் சிரிப்பால் சொன்னதை அவர் நூலால் சொன்னார்.

பதினாறிலிருந்து பூச்சியம் வரை

தமிழ்நாட்டில் சுவரொட்டிக்கு மற்றோர் எதிரியும் இருந்தது. அது நம் வாழ்த்து மரபு. மணமக்களைப் ‘பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க’ என்று வாழ்த்துவது நம் வழக்கம். பதினாறு என்பது கல்வி, செல்வம், புகழ் முதலிய பதினாறு பேறுகளே அன்றிப் பிள்ளைகள் அல்ல என்று புலவர்கள் விளக்குவர். எனினும் பந்தலில் சிரிப்பதற்கு அந்தப் பழைய மயக்கமே போதும். வாழ்த்து பதினாறு கேட்டது. சுவரோ ‘அளவோடு பெற்று வளமோடு வாழ்க’ என்றது. தாலி கட்டும் இடத்தில் ஒரு கணக்கு, அதனை அடுத்த சுகாதார நிலையத்துச் சுவரில் வேறு கணக்கு.

சுவரின் கணக்கும் நிலையாக இருக்கவில்லை. முதலில் இரண்டு அல்லது மூன்று என்றது. பிறகு ‘நாம் இருவர் நமக்கு இருவர்’ என்றது. பின்னர் ஆட்டோக்களின் முதுகில் ‘நாம் இருவர் நமக்கு ஒருவர்’ என்று வந்தது. இப்படியே இறங்கினால் முடிவு என்ன என்று கேட்ட தமிழன், ‘நாமே குழந்தை, நமக்கேன் குழந்தை?’ என்று தானே அடுத்த வாசகத்தை எழுதி முடித்தான். மேடைகளிலும் திண்ணைகளிலும் வழங்கிய இந்த வேடிக்கை அரசு எழுதியதன்று. அரசுக்கு மக்கள் எழுதிய மறுமொழி. காலம் அதனையும் விஞ்சிவிட்டது. பிறப்பு விகிதம் வெகுவாகக் குறைந்த தமிழ்நாட்டில், தொகுதி மறுவரையறையால் நாடாளுமன்ற இடங்கள் குறையக்கூடும் என்ற கவலை எழுந்தபோது, 2024 அக்டோபரில் ஒரு திருமண விழாவில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், பதினாறு பிள்ளைகள் பெறலாமே என்ற எண்ணம் எழும் நிலை வந்திருக்கிறதே என்று நகைச்சுவையாகக் குறிப்பிட்டார். சுவரில் அரை நூற்றாண்டு இறங்கிய எண் மீண்டும் பந்தலுக்குப் போயிற்று.

பெயரிலும் ஒரு வேடிக்கை உண்டு. 1968-இல் அரசு ‘நிரோத்’ என்ற ஆணுறையை, மூன்று 15 காசு என்ற மலிவு விலையில், தேயிலையும் சவர்க்காரமும் விற்ற நிறுவனங்களின் வழியாகப் பெட்டிக்கடை வரை கொண்டு சேர்த்தது. அதற்கு முதலில் மன்மதனை நினைவூட்டும் ‘காமராஜ்’ என்னும் பெயர் முன்மொழியப்பட்டதாகவும், ஆளுங்கட்சியின் அகில இந்தியத் தலைவர் பெயரே அதுவாக இருந்தமையால் கைவிடப்பட்டதாகவும் சொல்வர். வாழ்நாள் முழுவதும் மணம் புரியாது வாழ்ந்த பெருந்தலைவரின் பெயர் அப்பொருளுக்குச் சூட்டப்பட்டிருந்தால், தமிழ்நாட்டுச் சுவர்களில் சுவரொட்டி ஒட்டுவோர் கதி என்னாயிருக்கும்!

‘நாம்’ என்பவர் யாவர்?

இனி வாசகத்தின் முதற்சொல்லைப் பார்ப்போம். தமிழில் ‘நாங்கள்’ வேறு, ‘நாம்’ வேறு. கேட்பவரையும் உளப்படுத்திச் சொல்வது ‘நாம்’. ‘நாம் இருவர்’ என்று சுவர் சொன்னபோது அது நம்மையும் சேர்த்துக்கொண்டது போல ஒலித்தது. ஆனால் பந்தியில் நம்மைச் சேர்க்காதவர்கள், கோயிலில் சேர்க்காதவர்கள், நிலப் பங்கீட்டில் சேர்க்காதவர்கள், கருத்தடை மேசையில் மட்டும் ‘நாம்’ என்றார்கள். இந்த ‘நாம்’ வழுக்குகிறது என்பதை உணர இலக்கணம் படித்திருக்க வேண்டியதில்லை.

இந்த உணர்வு நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. 1939-இல் உலகப் போர் மூண்டபோது பிரிட்டிஷ் அரசு ஒரு சுவரொட்டி வெளியிட்டது. உங்கள் துணிவும், உங்கள் மகிழ்ச்சியும், உங்கள் உறுதியும் எங்களுக்கு வெற்றி தரும் என்பது அதன் பொருள். துணிவு உங்களுடையது, வெற்றி எங்களுடையதா என்று மக்கள் கேட்டார்கள். சாமானியர் உழைக்க, மேலோர் வெல்வதற்கான வாசகம் என்று அது பழிக்கப்பட்டது. அதே வரிசையில் அமைதி காத்துத் தொடர்ந்து செல்லுங்கள் என்ற வேறொரு சுவரொட்டியும் 24 லட்சத்திற்கு மேல் அச்சாயிற்று. பெரும்பாலும் ஒட்டப்படாமலே பழந்தாளாகப் போயிற்று. கற்றவர் மிகுந்த இங்கிலாந்திலும் உழைப்பாளி சுவரொட்டியைப் பார்த்து இகழ்ந்தே சிரித்தான். அங்கே அதனைச் சுவரொட்டியின் குறை என்றார்கள்; இங்கே அதே சிரிப்பை மக்களின் குறை என்றார்கள்.

உணவு உற்பத்தியைப் பெருக்கச் சொன்ன சுவரொட்டிகளும் அவ்வாறே. 1940-களில் தொடங்கி, அதிகம் விளைவியுங்கள் என்ற அழைப்பு ஓயாமல் ஒலித்தது. நிலம் உள்ளவனுக்கு அது அறிவுரை. நிலம் இல்லாதவனுக்கு அது விடுகதை. எங்கே விளைவிப்பது? திண்ணையிலா? இவ்விடத்தில் நம் சிரிப்பு உறைந்துபோகிறது. தீவிர வேளாண்மைத் திட்டத்திற்கு நாட்டிலேயே முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டங்களுள் ஒன்று தஞ்சை. விளைச்சல் பெருகியது. அவ்விளைச்சலில் தம் கூலி சற்றே உயரவேண்டும் என்று போராடிய கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று நம் மக்கள் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டனர். சுவரொட்டியில் நெற்கதிர் இருந்தது. கதிரறுத்த கையின் கூலி அதில் இல்லை.

சிரிப்பு அடங்கிய காலம்

1951-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்தவர் ஆர்.ஏ. கோபாலசுவாமி. மூன்று குழந்தைகளுக்குப் பின்னும் பெறுவதை ‘முன்யோசனையற்ற தாய்மை’ என்று அவர் தம் அறிக்கையில் பெயரிட்டார். பின்னர்ச் சென்னை மாநிலத்தின் தலைமைச் செயலாளரான அவர் அறுவைச் சிகிச்சை முறையை ஊக்குவித்தார். 1950-களின் இறுதியிலேயே சிகிச்சை பெறும் ஏழைகளுக்குப் பணம் தரும் முறை சென்னை மாநிலத்தில் வந்துவிட்டது. கேரளத்தின் எர்ணாகுளத்தில் 1970-இல் நடந்த முகாமில் 15,005 ஆடவர்க்கும், 1971-இல் நடந்த முகாமில் 63,418 பேர்க்கும் கருத்தடைச் சிகிச்சை செய்யப்பட்டது. திருவிழாப் போலக் கூட்டம் கூட்டிப் பணமும் பொருளும் அளித்தார்கள். கூலி வேலை இல்லாத நாளில் நீட்டப்படும் பணம் வேண்டுகோளா, கட்டாயமா? வயிறு நிறைந்தவனுக்கு அது வேண்டுகோள். பசித்தவனுக்கு அது வேறு.

1975 ஜூன் 25 அன்று நெருக்கடி நிலை வந்தது. இதுகாறும் பணிவுடன் கேட்ட சுவர் ஆணையிடத் தொடங்கியது. 1976–77 ஆகிய ஓராண்டில் மட்டும் நாட்டில் ஏறத்தாழ 82 லட்சம் கருத்தடைச் சிகிச்சைகள் நடந்தன. இலக்காக வைத்த எண்ணோ 43 லட்சமே. ஆசிரியருக்கும் அலுவலருக்கும் ஆள் பிடிக்கும் எண்ணிக்கை வகுக்கப்பட்டது. வட மாநிலங்களில் கொடுமை மிகுந்தது. பேருந்தை நிறுத்தியும் ஊரை வளைத்தும் இழுத்துச் சென்றார்கள். அகப்பட்டோர் யாவர்? பரிந்துரைக்க ஆளில்லாத ஏழைகள், தாழ்த்தப்பட்டோர், சிறுபான்மையினர். சிகிச்சை தொடர்பான 1,774 மரணங்களைப் பின்னர் அமைந்த ஷா கமிஷன் பதிவு செய்தது. சுவரில் சிரித்துக்கொண்டிருந்த நான்கு முகங்களின் கீழே நிகழ்ந்த கணக்கு இது.

அப்போதும் மக்கள் முற்றும் வாயடைத்துப் போகவில்லை. 1977 தேர்தலில் வடநாட்டுத் தெருக்களில், இந்திராவை நீக்கி இந்திரியத்தைக் காப்போம் என்னும் பொருள்பட முழக்கம் எழுந்தது. சிரிப்பு வாக்குச் சீட்டாகியது, அரசு வீழ்ந்தது. ‘குடும்பக் கட்டுப்பாடு’ என்ற பெயர் அதன்பின் ‘குடும்ப நலம்’ ஆயிற்று. ஆனால் ஒரு தீய விளைவு நிலைத்துவிட்டது. ஆடவரை இனித் தொடவேண்டாம் என்று அஞ்சிய அரசு, முழுச் சுமையையும் பெண்கள் மீது இறக்கியது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, மணமான பெண்களுள் 37.9 விழுக்காட்டினர் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டது 0.3 விழுக்காடே. முக்கோணத்தின் அருகே தந்தையின் முகமும் இருந்தது. கத்தி மட்டும் தாயிடம் சென்றது.

நம் தலைவர்கள் பேசிய வேறு மொழி

இவற்றைச் சொல்வதால் சிறு குடும்பம் தீது என்று நாம் சொல்லவில்லை. அரசுக்கு முன்னரே அதனை வலியுறுத்தியவர்கள் நம் தலைவர்களே. தந்தை பெரியார் 1930-களிலேயே கருத்தடையை ஆதரித்து எழுதினார். நாட்டின் செல்வத்திற்காக என்று பிறர் சொன்னபோது, பெண் விடுதலைக்காக என்று அவர் சொன்னார். அண்ணல் அம்பேத்கர் சார்பில் 1938 நவம்பரில் பம்பாய்ச் சட்டமன்றத்தில் கருத்தடை வசதிகளை அரசு அளிக்கவேண்டும் என்ற தீர்மானம் கொண்டுவரப்பட்டது. பெரும்பான்மையோர் அதனைத் தோற்கடித்தனர்.

வேறுபாட்டைக் கவனியுங்கள். அவர்கள் வசதியைக் கேட்டார்கள், தண்டனையை அன்று. பெண்ணின் உரிமை என்றார்கள். ஏழையின் குற்றம் என்று சொல்லவில்லை. ஒரே செய்தி, இரண்டு மொழிகள். ஒன்று நம்மை மனிதராக்கியது. மற்றொன்று நம்மை எண்ணிக்கையாக்கியது. நம் மக்கள் சிரித்தது செய்தியைப் பார்த்தன்று, அம்மொழியைப் பார்த்தே.

கேட்கத் தெரிந்த ஒரு சுவரொட்டி

எல்லாச் சுவரொட்டியும் அப்படியல்ல என்பதற்குப் பெரியம்மை ஒழிப்பே சான்று. அம்மையை மாரியம்மனின் வருகை என்று கருதிய நாட்டில், ஊசியைப் புகழ்ந்து ஒட்டிய தாள்கள் நெடுங்காலம் பயன் தரவில்லை. 1970-களில் முறை மாறியது. அம்மை கண்ட குழந்தையின் படத்தை ஊழியர்கள் சந்தையிலும் பள்ளியிலும் காட்டி, இத்தகைய நோயாளியை எங்கேனும் கண்டீர்களா என்று கேட்டார்கள். தகவல் தருவோர்க்குப் பரிசு அறிவித்தார்கள். பரிசு ஏறிக்கொண்டே போய் 1975-இல் 1,000 ரூபாய் ஆயிற்று. சின்னம்மையையும் சிரங்கையும் கூடப் பரிசுக்காகக் கொண்டுவந்து காட்டியவர்கள் உண்டு. அதுவும் ஒரு வேடிக்கை. ஆனால் 1975 மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை ஒழிந்தது. ஆயிரம் ரூபாயைப் பெற ஒருவரும் இல்லாமற் போனதே அச்சுவரொட்டியின் வெற்றி.

அது வென்றதற்குக் காரணம் பரிசு மட்டுமன்று. மற்றச் சுவரொட்டிகள் நமக்கு ஒன்றும் தெரியாது என்று எண்ணிப் பேசின. இதுவோ, உமக்குத் தெரிந்ததை எமக்குச் சொல்லும் என்று கேட்டது. எழுதப் படிக்கத் தெரியாத கூலியாளும் சந்தைக்கு வந்த சிறுவனும் அங்கே அறிவாளிகளாக மதிக்கப்பட்டனர்.

நமக்காக எழுதப்பட்ட மூன்று வாக்கியங்கள்

தமிழ்நாட்டுப் பாடநூலைத் திறந்த ஒவ்வொரு மாணவரும் முதற்பக்கத்தில் கண்ட மூன்று வாக்கியங்கள் உண்டு. தீண்டாமை பாவம், குற்றம், மனிதத் தன்மைக்கு மாறானது என்பன அவை. அரசமைப்பின் 17-ஆம் விதி தீண்டாமையை ஒழித்தது. 1955-இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. அது 1976-இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டமாயிற்று. 1989-இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வந்தது. இத்தனைக்கும் இடையே தேநீர்க் கடைப் பலகையில் இரட்டைக் குவளை இருந்தது. பாடநூலின் முதற்பக்கத்தில் ஒரு தமிழ்நாடு, கடைப் பலகையில் வேறொரு தமிழ்நாடு. நம் சிறுவர்கள் இரண்டையும் படித்தார்கள். அவர்கள் உதட்டில் தோன்றிய கசப்புச் சிரிப்பை எந்தத் தேர்விலும் வினாவாகக் கேட்டதில்லை.

ஆயினும் அவ்வாக்கியங்களை வெற்றெழுத்து என்று தள்ளிவிட நாம் உடன்படோம். பெருங்குற்றம் என்று அரசே அச்சிட்டுத் தந்த தாள் நம் கையில் ஓர் ஆயுதம். சொன்னீரே, செய்வீரா என்று கேட்கும் உரிமையை அத்தாளே நமக்கு அளிக்கிறது. எழுத்தறியாத தலைமுறைக்குச் சிரிப்பு ஒன்றே மறுமொழி. எழுத்தறிந்த தலைமுறைக்கு மனு உண்டு, வழக்கு உண்டு, ஏடு உண்டு. 2011 கணக்கின்படி பெரம்பலூர் மாவட்ட மக்களுள் ஏறத்தாழ 31 விழுக்காட்டினர் நம்மவர். இத்தனை பேரும் எழுதத் தொடங்கினால் எந்தச் சுவர் தாங்கும்?

இளைஞர்களுக்கு

இன்று சுவரின் இடத்தைக் கைப்பேசி பிடித்துவிட்டது. ஒட்டுபவர் மாறினாலும் முறை மாறவில்லை. ஆகவே எந்த அறிவிப்பைக் கண்டாலும் மூன்று வினாக்களைக் கேட்கப் பழகுங்கள். இதில் ‘நாம்’ என்பவர் யாவர்? படத்தில் குற்றவாளியாக நிற்பவர் யாவர், வரையப்படாமல் ஒளிந்திருப்பவர் யாவர்? இது நம்மிடம் ஏதேனும் கேட்கிறதா, அல்லது சொல்ல மட்டும் செய்கிறதா? இம்மூன்றுக்கும் விடை கண்டபின் நல்லதை ஏற்றுக்கொள்ளுங்கள். தடுப்பூசியை ஏற்றுக்கொள்ளுங்கள், அளவான குடும்பத்தை ஏற்றுக்கொள்ளுங்கள், பெண்ணின் விருப்பமே முதலாவது என்பதை ஏற்றுக்கொள்ளுங்கள். சொன்னவர் மொழி கோணலாக இருந்தது என்பதற்காகச் சொல்லப்பட்ட நன்மையை இழந்துவிடுதல் நமக்கே கேடு.

மற்றொரு கடமையும் உண்டு. உங்கள் வீட்டு முதியோர் அக்காலச் சுவரொட்டிகளைக் கண்டு என்ன சொன்னார்கள், எதற்குச் சிரித்தார்கள், எதற்கு அஞ்சினார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். அரசின் தாள்கள் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக உள்ளன; அவற்றிற்கு நம் தாத்தாவும் பாட்டியும் அளித்த மறுமொழிக்குக் காப்பகம் இல்லை. அவர்கள் நினைவே காப்பகம். அதுவோ ஆண்டுதோறும் சில ஏடுகளை இழந்து வருகிறது. கல்விச் சங்கம் ஒன்று தன் மாணவரிடம் கேட்கத் தக்க கைம்மாறு இதனினும் மேலாக என்ன இருக்க முடியும்? சிரித்தவர்களின் பேரப்பிள்ளைகள் எழுதட்டும். அந்த எழுத்தே சுவருக்குச் சேரி தரும் முழுமையான விடையாகும்.